பூனையின் கண்ணில் தோன்றும் வெண்சவ்வு

(வாலாஜாபாத் வட்டாரத்து விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

நெல், கரும்பு, நிலக்கடலை, கறவை மாடு ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதப்பெறும் இப்பத்திரிகையில் பூனையைப் பற்றிய கட்டுரை ஒன்று வருவதைக் கண்டு அன்பர்கள் சிலர் வியப்படையலாம். பூனை ஏர் இழுப்பதில்லை, பால் தருவதில்லை, எருவும் தருவதில்லை. ஆயினும் நெற்குதிர் உள்ள வீட்டிலும் தறி உள்ள வீட்டிலும் அது செய்யும் ஊழியத்தை அறிந்தவர்கள் அதன் நலத்தைக் கவனிப்பதும் குடித்தனத்தின் ஒரு பகுதியே என்பதை ஒப்புக்கொள்வர். அப்பிராணியின் கண்ணில் சில சமயங்களில் தோன்றும் ஓர் அடையாளத்தைப் பற்றியும், அதை நான் தவறாக அறிந்துகொண்டமையால் நேர்ந்த நஷ்டத்தைப் பற்றியும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூனையும் குடியானவரும்

மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய நாள் முதல் எலி அவனைத் தொடர்ந்து வந்தது. எலியைத் தொடர்ந்து பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனுடைய சமாதியின் அருகில் பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பயிர்த்தொழில் எவ்வளவு பழமையானதோ, ஏறக்குறைய அவ்வளவு பழமையானது பூனையின் நட்பு.

பாலாற்றங்கரையிலுள்ள நமது வாலாஜாபாத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பூனைக்கு இரட்டை வேலை உண்டு. தென்னேரி முதலிய ஏரிகளின் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் போகங்களில் விளையும் நெல் வீடு வந்து சேர்ந்ததும், வயல் எலிகளில் ஒரு பங்கு அதனுடன் ஊருக்குள் குடியேறுகிறது. மற்றொரு புறம், பட்டு நெய்வோர் தம் பாவிற்கு அரிசிக் கஞ்சி ஊட்டுகின்றனர். அக்கஞ்சியின் மணம் எலிக்கு விருந்தழைப்பாகும். குழித்தறியில் ஏற்றிய பாவை எலி ஓரிரவில் கடித்துவிடுமாயின், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பதற்குள் நெசவாளியின் பல நாள் கூலி கரைந்துவிடும்.

பூனை எல்லா எலிகளையும் ஒழித்துவிடும் என்று நான் கூறவில்லை. பெருச்சாளியைப் பூனை எதிர்ப்பது அரிது. நியூயார்க் நகரில் நடத்தி 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், பூனைகள் பெரிய எலிகளைக் கொன்றது மிகச் சொற்பமே என்றும், எலிகள் பூனைக்கு அஞ்சி வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொண்டன என்றும் கண்டனர். சுண்டெலிகளையும் இளம் எலிகளையும் பிடிப்பதும், மற்றவற்றை அஞ்சி ஒதுங்கச் செய்வதுமே பூனையின் உபகாரம். தறிக்குழியைச் சுற்றி அவ்வளவு காவல் கிடைப்பதே போதுமானது.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் நவரை அறுவடை முடிந்த சமயம். எலி ஒழிப்பைப் பற்றிய செய்முறை விளக்கம் ஒன்றை நடத்திவிட்டு ஒரு தெரு வழியே வந்துகொண்டிருந்தேன். அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டு, வீட்டில் ஒரு தறியும் வைத்திருந்த குடும்பம் ஒன்று அத்தெருவில் இருந்தது. அவ்வீட்டு மூதாட்டி என்னை வாசலில் நிறுத்தி, “ஐயா, நீங்கள் மாடு கன்றுக்கெல்லாம் யோசனை சொல்கிறீர்களே, எங்கள் பூனைக்குட்டியின் கண்ணைச் சற்றுப் பாருங்கள், தோல் வளர்ந்து மூடிவிட்டது” என்றார்.

ஆறு மாதம் இருக்கக்கூடிய சாம்பல் நிறக் குட்டி அது. இரு கண்களிலும் மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து வெண்மையான சவ்வு ஒன்று புறப்பட்டுக் கருவிழியில் பாதி வரையில் மறைத்திருந்தது. அண்டை வீட்டார் ‘பூ விழுந்துவிட்டது’ என்று கூறி நந்தியாவட்டைப் பூவின் சாற்றைப் பிழிந்திருந்தனர். நான் அதைத் தடுத்து, கொதிக்க வைத்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்து வரும்படியும், தூசு விழுந்திருக்கலாம், நாலைந்து நாளில் சரியாகிவிடும் என்றும் கூறினேன். புறப்படும்போது அவர், “நேற்றிலிருந்து இது தண்ணீர்ப் பானையண்டையிலேயே தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது ஐயா, குடிக்கத்தான் மாட்டேன் என்கிறது” என்றார். அச்சொல் என் காதில் விழுந்தது, கருத்தில் விழவில்லை. வாந்தி உண்டா, கழிச்சல் உண்டா, தீனி எடுத்ததா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவ்வழியே சென்றபொழுது குட்டி இறந்துவிட்டது என்று அறிந்தேன். எனக்குத் தெரிந்த கால்நடை வைத்தியர் ஒருவரிடம் அடையாளங்களை விவரித்தேன். பூனைகளுக்கு வரும் பார்வோ இனத்துக் குடல் நோயாகவே அது இருக்கக்கூடும் என்றும், வாந்தியாலும் கழிச்சலாலும் உடல் நீர் வற்றிக் கண்கள் குழிந்தமையாலேயே சவ்வு வெளிப்பட்டது என்றும், முதல் நாளே நரம்பின் வழியாக நீரேற்றியிருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும் என்றும் அவர் கூறினார்.

நெற்பயிரின் இலை மஞ்சளித்தால் இலைக்கு மருந்து பூசாதீர்கள், வேரையும் வடிகாலையும் மண்ணையும் பாருங்கள் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குடியானவர்களுக்கு உபதேசித்து வந்தவன் நான். அந்த நான் பூனையின் கண்ணை மட்டும் பார்த்தேன். அம்மூதாட்டி என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. ஆனால் அவ்வாண்டு ஆடி மாதத்தில் அவர்கள் தறியில் ஏற்றியிருந்த பாவை எலி கடித்தது. அறுந்த இழைகளை அவர் மகன் முடிந்துகொண்டிருந்ததை நான் கண்டேன். அன்று முதல் இப்பொருளைப் பற்றி வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே கீழே எழுதுகிறேன்.

மூன்றாவது இமை என்பது யாது?

நமக்கு மேலிமை, கீழிமை என இரண்டு இமைகள் உள்ளன. பூனைக்கு அவ்விரண்டோடு மூன்றாவதாக ஓர் இமையும் உண்டு. அது கண்ணின் உள்மூலையில், அதாவது மூக்கை ஒட்டிய பக்கத்தில், மடங்கிக் கிடக்கும் மெல்லிய சவ்வாகும். ஆடு, மாடு, குதிரை, நாய் ஆகியவற்றிற்கும், கோழி முதலிய பறவைகளுக்கும் இது உண்டு. நம் கண்ணின் உள்மூலையில் காணப்படும் சிறிய செந்நிற மடிப்பு, இவ்விமையின் எச்சமே என்பர்.

இச்சவ்வின் உள்ளே குருத்தெலும்பு ஒன்று இருக்கிறது. ஆந்தைகள் அமர்ந்து எலி பிடிப்பதற்காக நாம் வயலில் நடுகின்ற ‘டி’ வடிவக் கழியைப் போன்றது அதன் உருவம். அதன் அடியில் ஒரு சுரப்பி அமைந்துள்ளது. கண்ணை நனைக்கும் நீரில் ஒரு பகுதியை அது சுரக்கிறது. புல்லிலும் வைக்கோலிலும் புகுந்து இரை தேடும் பூனையின் விழியைக் கீறல் படாமல் காப்பதும், தூசைத் துடைப்பதும், கண்ணீரை விழி முழுவதும் பரப்புவதும் இவ்விமையின் தொழில்களாம்.

இது அசையும் விதத்தை அறிந்துகொண்டால் நோய்க்குறியும் எளிதில் விளங்கும். விழியின் பின்புறத்தில், கண்குழிக்குள், கொழுப்புத் திண்டு ஒன்று இருக்கிறது. விழி பின்னுக்கு இழுக்கப்பட்டால் அத்திண்டு நெருக்குண்டு மூன்றாவது இமையை முன்னே தள்ளும். அதற்கு மாறாக, இமையை எப்பொழுதும் மூலையில் மடக்கி வைத்திருக்க மெல்லிய தசைகள் உள்ளன. இத்தசைகளுக்குக் கட்டளை தரும் நரம்பு, மூளையிலிருந்து தண்டுவடத்தின் வழியே மார்பு வரையில் இறங்கி, மறுபடியும் கழுத்தின் வழியாக ஏறி, நடுச்செவியின் பக்கமாகச் சென்று கண்ணை அடைகிறது. இவ்வளவு நீண்ட வழியில் எவ்விடத்தில் தடை நேர்ந்தாலும் இமை நழுவி வெளியே வந்துவிடும்.

ஆகவே மூன்றாவது இமை வெளிப்படுவதற்குக் காரணங்கள் நான்கு வகைப்படும். முதலாவது, கண்ணில் வலி உண்டாகி விழி பின்னுக்கு இழுக்கப்படுதல். இரண்டாவது, உடல் மெலிவினாலோ நீர் வற்றுவதனாலோ விழி குழிதல். மூன்றாவது, நரம்பின் கட்டளை தளர்தல். நான்காவது, விழியின் பின்னால் கட்டி முதலியன வளர்ந்து இமையைத் தள்ளுதல். இந்நான்கையும் மனத்தில் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

இயற்கையாகத் தோன்றும் சமயங்கள்

உறங்கும் பூனையின் கண்ணைச் சற்றுத் திறந்து பார்த்தால் இச்சவ்வு காணப்படும். உறக்கத்திலிருந்து எழுந்த சில கணங்கள் வரையிலும் அது தெரிவதுண்டு. நரம்புகள் ஓய்ந்திருப்பதே இதன் காரணம். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பூனைக்கும் அம்மருந்தின் வேகம் தணியும் வரையில் இவ்வாறு இருக்கும். இவற்றிற்காக அஞ்ச வேண்டுவதில்லை. நன்றாக விழித்து, நடமாடி, இரையை நோக்கும் பூனையின் கண்ணில் இச்சவ்வு விலகாமல் நிற்குமாயின் அதுவே கவனிக்கத்தக்க அடையாளமாகும்.

இரு கண்களிலும் தோன்றினால்

இரு கண்களிலும் ஒரே அளவாகச் சவ்வு வெளிப்பட்டால், பெரும்பாலும் நோய் கண்ணில் இல்லை, உடலில் இருக்கிறது என்று கொள்ளுதல் நலம்.

1. நீர் வற்றுதலும் மெலிவும்: வாந்தி, கழிச்சல், காய்ச்சல், பல நாள் தீனி எடாமை ஆகியவற்றால் விழி குழிந்து இமை வெளிவரும். இவற்றில் கொடியது மேலே கூறிய பார்வோ இனத்து நோய். அது குடலின் உட்புறத்தையும் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களையும் அழிப்பது. இளங்குட்டிகளை மிகுதியும் தாக்குவது. இந்நோயுற்ற பூனை நீர்ப் பாத்திரத்தின் அருகே தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தும் குடியாமல் இருப்பதை வைத்தியர்கள் ஒரு குறியாகக் கூறுவர். இந்நோயைத் தடுக்கும் ஊசி உண்டு. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆனதும் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை திரும்பவும் போட்டுப் பதினாறு வாரம் வரையில் முறையை முடித்தல் வேண்டும். நோய் கண்ட வீட்டில் கிருமி ஓராண்டு வரையிலும் உயிரோடிருக்கக்கூடும். சாதாரணச் சோப்பு நீர் அதைக் கொல்லாது. பிளீச்சிங் கரைசலால் தரையையும் பாத்திரத்தையும் கழுவுதல் வேண்டும். அக்கரைசலில் பூனை கால் வைக்காதபடி பின்பு நல்ல நீரால் அலம்பிவிட வேண்டும்.

2. குடற்புழுக்கள்: எலி பிடிக்கும் பூனைக்கு நாடாப்புழு வருவது சாதாரணம். அப்புழு வகைகளில் ஒன்றின் இளம்பருவம் எலியின் ஈரலில் தங்கியிருக்கிறது. மற்றொன்று தெள்ளுப்பூச்சியின் மூலமாக வருகிறது. மலத்துவாரத்தைச் சுற்றி அரிசி மணி போன்ற துண்டுகள் ஒட்டியிருப்பதைக் கொண்டு நாடாப்புழுவை அறியலாம். வைத்தியர் கூறும் அளவில் புழு மருந்து கொடுத்தால் தீரும்.

3. சில வார காலம் நிற்கும் சவ்வு: கழிச்சல் கண்டு தேறிய இளம் பூனைகளில், மற்ற எல்லா வகையிலும் சுகமாக இருந்தும், இரு கண்களிலும் சவ்வு மட்டும் சில வாரங்கள் நிற்பதுண்டு. இது நாளடைவில் தானே மறையும். ஆயினும் இம்முடிவுக்கு வர வேண்டியவர் வைத்தியரே. மற்ற நோய்கள் இல்லை என்று அறிந்த பிறகே அவர் இவ்வாறு கூறுவார்.

4. நரம்பு நோய்கள்: பிரிட்டனில் 1982-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட அபூர்வ நோய் ஒன்றில் தானியங்கு நரம்புகள் கெட்டு, இரு கண்களிலும் சவ்வு வெளிவருவதோடு பாவைகள் விரிந்தே நிற்கும், வாயும் மூக்கும் உலரும், மலம் கட்டும். டெட்டானஸ் என்னும் ஜன்னி நோயிலும் சவ்வு வெளிப்படும். காயம் பட்ட மாட்டிற்கோ குதிரைக்கோ இந்நோய் கண்டால், தலையை நிமிர்த்தியவுடன் மூன்றாவது இமை விழியின் குறுக்கே பாய்வதை மூத்த குடியானவர்கள் பலர் கண்டிருப்பர். பூனைக்கு இந்நோய் அரிதே. வந்தால் கால் விறைப்பதும், காதுகள் நெருங்கி நிமிர்வதும், நெற்றி சுருங்குவதும் காணலாம்.

ஒரு கண்ணில் மட்டும் தோன்றினால்

ஒரு கண்ணில் மட்டும் சவ்வு வெளிப்பட்டால் முதலில் அக்கண்ணையே ஐயுற வேண்டும். நெல்லின் சுணை, வைக்கோல் துரும்பு, வேறு பூனையின் நகம் ஆகியவை விழியைக் கீறினால் வலியால் விழி பின்னிழுக்கப்பட்டுச் சவ்வு மூடும். அப்பொழுது பூனை அக்கண்ணைச் சுருக்கும், நீர் வடியும், முன்காலால் தேய்த்துக்கொள்ளும். விழியின் மேல் மங்கலான புள்ளியோ நீல நிறமோ தோன்றினால் அது புண்ணாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

தும்மலும் மூக்கொழுகலும் கண்பீளையும் சேர்ந்து வந்தால், அது பூனைகளின் சளி நோயாகும். ஹெர்ப்பிஸ் இனத்து வைரஸும் கிளமீடியா என்னும் நுண்ணுயிரும் இதற்குக் காரணமானவற்றுள் முக்கியமானவை. இது முதலில் ஒரு கண்ணில் தொடங்கி மற்றதற்கும் பரவுவதுண்டு.

கண்ணில் பீளையோ வலியோ இன்றி, ஒரு பக்கத்தில் சவ்வு வெளிவந்து, அப்பக்கத்துப் பாவை சிறுத்து, மேலிமை தாழ்ந்து, விழியும் சற்று உள்வாங்கியிருக்குமாயின், அது மேலே கூறிய நரம்பு வழியில் தடை நேர்ந்ததன் அடையாளம். ஸ்விட்சர்லாந்து தேசத்துக் கண் வைத்தியர் ஹார்னர் என்பவர் மனிதரிடம் இதனை 1869-ஆம் ஆண்டில் விவரித்தமையால் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது. கழுத்தில் நாய்க்கடி, வண்டி மோதுதல், நடுச்செவியில் சீழ், மார்பில் கட்டி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ஊரில் ஒரு நெல் மண்டிப் பூனைக்கு இவ்வடையாளம் கண்டபொழுது இம்முறை நான் தாமதிக்கவில்லை. உடனே கால்நடை வைத்தியரிடம் அனுப்பினேன். அவர் கண்ணைப் பார்த்த பின் காதைப் பார்த்தார். காதில் சீழ் இருந்தது. காதிற்குச் சிகிச்சை செய்தார். சில வாரங்களில் கண் சரியாயிற்று. நோய் ஓரிடத்திலும் குறி மற்றோரிடத்திலும் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

எலி விஷமும் பூனையும்

இதைப் பற்றிக் கூறாவிடில் என் கடமையில் குறை வைத்தவனாவேன். எலிக்கு வைக்கும் விஷம் பூனைக்கும் விஷமே. துத்தநாகப் பாஸ்பைடு கலந்த இரையைத் தின்று செத்த எலியின் இரைப்பையில் எஞ்சியுள்ள விஷம், அதைத் தின்னும் பூனையைத் தாக்கக்கூடும். இதற்கு முறிமருந்து இல்லை. அவ்விஷம் உண்ட பிராணி வாந்தி எடுத்தால் அதிலிருந்து எழும் ஆவி மனிதருக்கும் தீங்கு செய்யும். ஆகையால் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் அவசியம். புரோமடியலோன் முதலிய மருந்துகள் இரத்தத்தை உறைய விடாமல் செய்பவை. அவற்றின் தீங்கு உடனே தெரியாமல் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்தே வெளிப்படும். ஈறு வெளுத்தல், மூச்சு வாங்குதல், சோர்வு, எங்கேனும் இரத்தம் கசிதல் ஆகியவை அடையாளங்கள். இதற்கு கே-1 என்னும் வைட்டமின் முறிமருந்தாக உள்ளது. காலத்தில் கொடுத்தால் உயிர் பிழைக்கும். எனவே வைத்தியரிடம் செல்லும்போது வீட்டில் வைத்த விஷத்தின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பூனை வளர்க்கும் வீட்டிற்குள் விஷ இரை வைக்காதிருத்தலே உத்தமம். அங்கே பொறிகள் போதும். வயல்களில் தஞ்சாவூர்க் கிட்டியைப் பயன்படுத்தலாம். விஷம் வைத்தே தீர வேண்டிய வயல்களில், மறுநாள் விடியற்காலையிலேயே செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். அன்று நான் செய்முறை விளக்கம் காட்டிய கூட்டத்தில் இவ்வளவையும் கூறினேனா என்று எண்ணிப் பார்க்கிறேன். புதைக்க வேண்டும் என்று கூறினேன், பூனைக்காக என்று கூறவில்லை. இப்பொழுது கூறிவிட்டேன்.

வீட்டில் செய்யத்தக்க பரிசோதனை

சவ்வு தென்பட்டவுடன் பூனையை அமுக்கிப் பிடிக்காமல், வெளிச்சத்தில் சற்று எட்ட நின்று பின்வருவனவற்றைப் பாருங்கள்.

சவ்வு ஒரு கண்ணிலா, இரு கண்களிலுமா? கண்ணில் சிவப்பு, பீளை, நீர் உண்டா? இரு பாவைகளும் ஒரே அளவா? நேற்றும் இன்றும் தீனி எடுத்ததா? வாந்தி, கழிச்சல், மலக்கட்டு உண்டா? சிறுநீர் கழித்ததா? நடையில் தள்ளாட்டம் உண்டா?

பழகிய பூனையாயின் தோள்களுக்கு நடுவிலுள்ள தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் நன்று. கூடாரம் போல் நின்றால் உடல் நீர் வற்றியுள்ளது. ஈறு ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருத்தல் வேண்டும். விரலில் ஒட்டுமாறு உலர்ந்தோ, வெளுத்தோ, மஞ்சளித்தோ இருப்பின் ஆபத்து. தானியம் நிறுக்கும் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வந்தால் மெலிவு முன்னதாகவே தெரியும்.

தீனி எடுத்து, விளையாடி, கண்ணில் வலியும் இல்லாதிருந்தால் ஓரிரு நாள் கவனித்துப் பின் வைத்தியரிடம் காட்டலாம். தீனி எடாமை, வாந்தி, கழிச்சல், கண்ணைச் சுருக்குதல், பாவை அளவில் வேற்றுமை, மூச்சுத் திணறல், தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே செல்ல வேண்டும். குட்டியாயின் எல்லாவற்றிற்கும் அன்றே செல்வது நலம்.

ஓர் எச்சரிக்கை: காரணமின்றிச் சீறிக் கடிக்க வருவது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமை, திடீரென்று குணம் மாறுவது ஆகியவை சவ்வோடு சேர்ந்து காணப்பட்டால் வெறிநோயாகவும் இருக்கலாம். அப்பூனையை யாரும் கையால் தொடலாகாது. பூனை கடித்தாலும் கீறினாலும் உடனே பதினைந்து நிமிஷம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு காயத்தைக் கழுவி, அரசினர் ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பூனைக்கடிதானே என்று அசட்டை செய்தல் கூடாது.

செய்யத்தகாதவை

சவ்வைத் தேவையற்ற தோல் என்று எண்ணி இழுப்பதோ வெட்டுவதோ பெரும் தீங்கு. முற்காலத்தில் ஐரோப்பியக் குதிரை வைத்தியர்கள் இதை வெட்டி எறிந்து வந்தனர். அது நோயன்று, நோயின் குறி என்பதை அவர்கள் அறியவில்லை. வெட்டினால் கண்ணீர்ச் சுரப்பியும் போய் விழி வறண்டு கெடும்.

புகையிலைச் சாறு, சுண்ணாம்பு, மஞ்சள், இலைச்சாறுகள் ஆகியவற்றைக் கண்ணில் விடாதீர்கள். மனிதருக்கு வாங்கிய கண்சொட்டு மருந்தையும் விடாதீர்கள். அவற்றில் சில ஸ்டீராய்டு கலந்தவை, விழியில் புண் இருந்தால் அதை ஆழமாக்கிவிடும். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பது பூனையைக் கொல்வதற்கு ஒப்பாகும். ஒரு மாத்திரையே போதும் அதன் உயிரை மாய்ப்பதற்கு. வாந்தி எடுக்கும் பூனையின் வாயில் பாலையோ கஞ்சியையோ வலிய ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

வைத்தியம் கிடைக்குமிடம்

அருகிலுள்ள அரசினர் கால்நடை மருந்தகத்தில் பூனையையும் பார்ப்பார்கள். மாட்டுக்குத்தானே அது என்று தயங்க வேண்டா. கடினமான நோய்களுக்கு, சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றதும், 1989 முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக விளங்குவதுமான சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் செல்லாதீர்கள். காற்றுப் புகும் மூடியுள்ள கூடையில் பழந்துணியை விரித்து அதில் வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு சென்றால் அது மிரளாது.

முடிவுரை

இரு கண்ணில் சவ்வு கண்டால் உடலைப் பார். ஒரு கண்ணில் கண்டால் கண்ணையும் காதையும் பார். தீனி எடாவிடில் நாளைக்கு என்று ஒத்திவையாதே. இம்மூன்றையும் நினைவில் வைத்தாலே போதும்.

சென்ற ஆண்டு அம்மூதாட்டியின் வீட்டிற்கு மறுபடியும் சென்றேன். நோய் கண்டு ஓராண்டுக்கு மேல் கழிந்த பிறகே அவர்கள் வேறு குட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தனர். அதற்கு ஊசி முறை முழுவதும் போட்டாயிற்று என்று அவர் மகன் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். அக்குட்டி தறிக்குழியின் ஓரத்தில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. மூதாட்டி அதன் கண்ணை மெல்லத் திறந்து, மூலையில் எட்டிப் பார்த்த வெண்சவ்வை எனக்குக் காட்டி, “தூங்கும்போது இப்படித்தான் ஐயா, விழித்தால் போய்விடும்” என்றார். சிறிது நேரத்தில் அது விழித்துக்கொண்டது. இரு கண்களும் தெளிவாக இருந்தன. “காலையில் சாப்பிட்டதா அம்மா?” என்று கேட்டேன். “சாப்பிட்டது” என்றார். அதைக் கேட்ட பின்னரே நான் விடைபெற்றேன்.